மாமாவின் ஃபைலும் மலைச்சரிவு ஆஸ்பத்திரியும்

இந்தப் பக்கம் எழுதி ரொம்ப நாளாச்சு. இங்கே கனடாவில் வங்கிகளுக்கு அக்டோபர் 31-தான் ஆண்டு முடிவு. நம்மூர் மார்ச் 31 கூத்தெல்லாம் இங்கே அக்டோபரில் நடக்கும். அது முடிந்து மூச்சு விட்ட ஒரு மதியம், மான்ட்ரியலில் எங்கள் கிளையிலிருந்து காலாற மேலே நடந்தேன். மவுண்ட் ராயல் என்று ஊர் நடுவே ஒரு மலை. (மலை என்று இவர்கள் சொல்கிறார்கள். எங்க மூணாறு சனத்திடம் காட்டினால் 'மேடு' என்பார்கள்.) அதன் சரிவில், செடார் அவென்யூவில், பெரிய பழைய கட்டடம் ஒன்று. மான்ட்ரியல் ஜெனரல் ஆஸ்பத்திரி.

அந்த வாசலில் நின்றபோது எங்க மாமாவோட ஃபைல் ஞாபகம் வந்தது. காக்கி கலர் ஃபைல், நாடா கட்டினது. உள்ளே பத்துப் பன்னிரண்டு வருஷத்து ரிப்போர்ட்டுகள். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு வரி இருக்கும்: சி.இ.ஏ., பக்கத்தில் ஒரு எண். அந்த மூன்றெழுத்து முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நான் நின்றுகொண்டிருந்த அந்த ஆஸ்பத்திரியில்தான். 1965-ல். இந்த ஊருக்கு வந்து ஏழு வருஷம் கழித்துத்தான் எனக்கே அது தெரியும்.

முன்னாடியே சொல்லிடறேன். நான் படிச்சது சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.காம். (பாலக்காடு சித்தூர்ங்க, ஆந்திரா இல்ல.) மருத்துவத்துக்கும் எனக்கும் உள்ள உறவு மெடிக்ளெய்ம் படிவம் நிரப்புவதோடு சரி. ஆனால் ஒரு ஃபைலைப் பத்து வருஷம் கையில் வைத்திருந்தால் கணக்குப்பிள்ளைக்கும் கொஞ்சம் பாடம் ஏறும். அந்தப் பாடம்தான் இந்தப் பதிவு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. 2010 வாக்கில் அவருக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் வர ஆரம்பித்தது. வயசு 46. யாரிடமும் சொல்லவில்லை. அத்தை துணி துவைக்கும்போது பார்த்துக் கேட்டிருக்கிறார். "சூடு" என்று சொல்லிவிட்டார் மனுஷன். சூட்டுக்கு மோர், வெந்தயம். அப்புறம் நம்மூர்ச் சுவரெங்கும் போஸ்டர் ஒட்டியிருக்குமே, 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று, அப்படி ஒரு இடத்தில் மருந்து. பிறகு அடிவாரத்தில் ஒரு கிளினிக். அங்கே மூலம் என்று சொல்லி மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். விரல் விட்டுக்கூடப் பார்க்கவில்லை. பதினாலு மாசம் இப்படிப் போனது.

எடை ஒன்பது கிலோ குறைந்து, படியேறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் அம்மா அதட்டி வரச் சொன்னாள். மறையூர், சின்னாறு வழியாக உடுமலை இறங்கி, பொள்ளாச்சி வந்து, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி எங்க கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கேரளாவிலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைந்து மறுபடி கேரளாவுக்கு! எங்க எல்லைச் சனத்துக்கு இது ஒன்றும் புதுசில்லை. மறுநாள் மறுபடியும் எல்லை தாண்டி கோயமுத்தூர். அங்கே ஒரு டாக்டர் கையுறை மாட்டி விரலால் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மலக்குடலில் கட்டி.

இங்கே மாமாவை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

1923. சென்னை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்துபோனார். முத்துலட்சுமி 1912-லேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். வீட்டிலேயே டாக்டர் இருந்தும், கூட இருந்து பார்ப்பதைத் தவிரப் பெரிதாக எதுவும் செய்ய முடியாத காலம். 1925-ல் மேல்படிப்புக்கு லண்டன் போனவர், அங்கே புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி நடப்பதைப் பார்த்தார். நமக்கும் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கே உறுதிப்பட்டது. அது நிறைவேற கிட்டத்தட்ட முப்பது வருஷம் பிடித்தது. எப்படியும் சாகப் போகிறவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்ற எண்ணம் பலரிடமும் இருந்தது. இந்திய மாதர் சங்கம் நிதி திரட்டியது. 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பெடுத்தார். அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார்; 2021-ல் மறையும்வரை அங்கேயே இருந்தார்.

அடையாறு என்றால் நம்ம சனத்துக்கு கேன்சர் என்று அர்த்தம் ஆகிவிட்டது. "அடையாறு கூட்டிட்டுப் போயிருக்காங்களாம்" என்றால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெரிய மரத்துக்கு விதை, வெளியே பேசவே கூச்சப்படும் ஓர் இடத்தில் வந்த நோய் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, 1923-ல் குடலுக்குள் என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பார்கள்? ஆசனவாய் வழியாக விறைப்பான குழாய் விட்டுப் பார்க்கலாம். ஓர் அடி தூரம்கூடப் போகாது. அதற்கு மேலே எக்ஸ்ரேதான். வெறும் எக்ஸ்ரேயில் குடல் தெரியாது. பேரியம் கரைசலை எனிமாவாக ஏற்றினால் குடலின் வடிவம் வெள்ளையாக விழும். அதே 1923-ல் ஜெர்மனியில் ஃபிஷர் என்பவர் பேரியத்தோடு காற்றையும் ஏற்றி, குடலின் உள்சுவர் மெலிதாகப் படியும்படி படம் எடுக்கும் முறையைச் சொன்னார். பிறகு ஐம்பது வருஷத்துக்குப் பெருங்குடலைப் படம் பிடிக்க அதுதான் முக்கியமான வழி.

அடுத்த திருப்பத்தில் நம்மாள் ஒருவர் இருக்கிறார். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்ஸோடு சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டினால் வளைந்த பாதையிலும் படம் போகும் என்று 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அடையாறு திறந்த அதே வருஷம்! ஃபைபர் ஆப்டிக்ஸ் என்றதும் நமக்கு இன்டர்நெட் கேபிள்தான் ஞாபகம் வரும். ஆனால் 1957-லேயே அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் அந்த இழைகளை வைத்து வளையும் எண்டோஸ்கோப் செய்து வயிற்றுக்குள் பார்த்துவிட்டார். பெருங்குடல் முழுக்கச் சுற்றி வருவதற்கு இன்னும் பத்து வருஷம் ஆனது. 1969-ல் நியூயார்க்கில் வுல்ஃபும் ஷின்யாவும் குழாய்க்குள் ஒரு கம்பிச் சுருக்கைச் செலுத்தி, குடல் சுவரில் முளைத்திருந்த மொட்டை (பாலிப் என்பது அதுதான்) வயிற்றைக் கீறாமலேயே அறுத்து எடுத்தார்கள்.

இதை ரொம்பப் பெரிய விஷயமாக நான் நினைக்கிறேன். அதுவரை பார்ப்பது வேறு, வைத்தியம் வேறு. இப்போது பார்த்த கையோடு எடுத்துவிடலாம். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் இந்த மொட்டுகளிலிருந்துதான் வருகிறது. மொட்டு புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருஷத்தைத் தொட்டுக்கூட ஆகும். இவ்வளவு நீளமாகத் தவணை கொடுக்கிற புற்றுநோய்கள் குறைவு. நாமதான் நோட்டீஸைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இனி மான்ட்ரியல். பில் கோல்டு அப்போது முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளம் டாக்டர். அவருடைய வழிகாட்டி சாமுவேல் ஃப்ரீட்மன். இருவரும் கேட்ட கேள்வி எளிமையானது: சாதாரணத் திசுவில் இல்லாத ஏதாவது ஒன்று புற்றில் இருக்கிறதா? இதில் ஒரு சிக்கல். ஒருத்தர் புற்றையும் இன்னொருத்தர் நல்ல திசுவையும் ஒப்பிட்டால், வித்தியாசம் நோயால் வந்ததா, ஆள் மாறியதால் வந்ததா என்று தெரியாது. அவர்கள் பெருங்குடலைத் தேர்ந்தெடுத்தார்கள். பெருங்குடல் அறுவையில் கட்டியோடு இருபுறமும் கொஞ்சம் நல்ல குடலையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். ஒரே ஆள், ஒரே குடல். புற்றும் உண்டு, நல்லதும் உண்டு. புற்றின் சாற்றை முயலுக்கு ஊசி போட்டு எதிர்ப்பொருள் உண்டாக்கினார்கள். அதிலிருந்து நல்ல திசுவோடு சேர்கிற எதிர்ப்பொருளையெல்லாம் கழித்தார்கள். மிச்சம் நின்றது புற்றோடு மட்டும் சேர்ந்தது. பற்று வரவு நேர்செய்து, ஒட்டாத என்ட்ரியைத் தனியாக எடுக்கிற அதே வேலைதான். படித்தபோது எனக்கு அப்படியொரு சந்தோஷம் :-)

அந்தப் பொருளைக் கருவிலிருக்கும் குழந்தையின் குடலிலும் கண்டார்கள். பிறந்த பிறகு ஏறக்குறைய அடங்கிவிடுகிற ஒன்று, புற்றில் மறுபடி தலைதூக்குகிறது. அதனால் 'கார்சினோ எம்ப்ரியானிக் ஆன்டிஜென்' என்று பெயர். சுருக்கமாக சி.இ.ஏ.

1969-ல் அதே குழு அதை ரத்தத்தில் அளக்கும் முறையை வெளியிட்டது. பெருங்குடல் புற்று இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோர் ரத்தத்திலும் அது இருந்தது. உலகமே துள்ளியது. ஒரு சொட்டு ரத்தத்தில் கேன்சரைச் சொல்லிவிடலாம் என்ற கனவு! நிலைக்கவில்லை. மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஏறியது, ஈரல் கெட்டவர்களுக்கு ஏறியது. அதைவிட மோசம், ஆரம்பநிலைப் புற்று இருந்த பலருக்கு ஏறவே இல்லை. முதலில் பார்த்தவர்களில் முற்றிய நோயாளிகள் அதிகம். அதனால்தான் எண் அவ்வளவு அழகாகத் தெரிந்தது. வங்கியில் மோசடியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வந்த புதிதிலும் இதே கதைதான். நல்லவன் கணக்கில் மணி அடிக்கும், திருடன் கணக்கு அமைதியாக இருக்கும்.

ஆக, நல்ல உடம்புக்காரருக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க சி.இ.ஏ. உதவாது. இன்றைக்கும் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' பொட்டலத்தில் இதைச் சேர்த்து விற்கிறார்கள். எண் நார்மல் என்று வந்தால் ஆள் நிம்மதியாகத் தூங்குகிறார், ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. எனக்கு இதில் கோபமே உண்டு.

தேடுவதற்கு உதவியது இதைவிட மலிவான சமாச்சாரம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று அட்டையில் தடவிப் பார்க்கும் சோதனை. அமெரிக்காவில் மினசோட்டாவில் 46,000 பேருக்கு மேல் வைத்து வருஷக்கணக்கில் நடத்திய ஆய்வு 1993-ல் வெளிவந்தது. வருஷத்துக்கொரு முறை இதைச் செய்தவர்களிடம், அட்டையில் ரத்தம் தெரிந்தால் கொலனாஸ்கோபி என்ற ஏற்பாட்டோடு, பெருங்குடல் புற்றால் வந்த சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நம்ம கேரளாவிலும் இதுபோல ஒரு பெரிய வேலை நடந்தது, ஆனால் வாய்க்கு. 1996-லிருந்து திருவனந்தபுரம் பக்கம் 13 பஞ்சாயத்துகளில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். 2005-ல் 'லான்செட்'டில் முடிவு வந்தது: புகையிலை, குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வாயை ஆ என்று காட்டிவிடலாம். மறுமுனையைப் பற்றி டாக்டரிடமே பேச மாட்டோம் என்கிறோமே, என்ன செய்ய?

சி.இ.ஏ. தோற்றுப்போய் வீட்டுக்குப் போகவில்லை. வேறு சீட்டுக்கு மாற்றலாகிப் போனது. மாமா ஃபைலிலிருந்தே சொல்கிறேன்.

2011 கடைசியில், சிகிச்சைக்கு முன், அவருடைய எண் 18.4. (5-க்குள் இருக்க வேண்டும்.) எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எதற்கு இது, ஏற்கெனவே கட்டி என்று தெரிந்தாச்சே என்று நான் செலவுக் கணக்குப் பார்த்தேன். டாக்டர் பேனாவை எடுத்து ஒரு வட்டம் போட்டு, சுற்றி இன்னொரு வட்டம் போட்டார். உள்வட்டம் குடல், வெளிவட்டம் அதைச் சுற்றிய கொழுப்பு உறை. அந்த உறையோடு சேர்த்து முழுசாக எடுத்தால் புற்று அதே இடத்தில் திரும்பி வருவது வெகுவாகக் குறையும் என்று 1982-ல் இங்கிலாந்தில் பில் ஹீல்டு என்ற சர்ஜன் காட்டியிருந்தார். கட்டி அந்த உறையின் ஓரத்தைத் தொடுகிறதா என்பதை வெட்டுவதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. காட்டிவிடும் என்று 2006-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று நிரூபித்தது. மாமாவுக்குத் தொட்டுக்கொண்டிருந்தது. அதனால் முதலில் ரேடியேஷன், கூடவே மாத்திரை. கட்டி சுருங்கிய பிறகு 2012-ல் ஆபரேஷன். 1923-ல் இந்தப் படம் இல்லை, இந்த உறையை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. நோய் மட்டும் அதேதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு எண் 2.1. மூன்று மாசத்துக்கொரு முறை மலையிறங்கி ரத்தம் கொடுப்பார். எனக்கு போன் வரும். ஹலோ கிலோ எல்லாம் கிடையாது, "ரெண்டு புள்ளி மூணு" என்பார். வைத்துவிடுவார். 2013 தீபாவளிக்கு முன் ஒரு நாள் "மூணு புள்ளி ஒம்போது" என்றார். வைக்கவில்லை. அஞ்சுக்குள்ளதானே மாமா என்றேன். "அஞ்சுக்குள்ளதான் மாப்ள. ஆனா ஏறுதே" என்றார். எட்டாவது வரை படித்த மனுஷர். தனி எண்ணைவிட அது போகிற திசைதான் முக்கியம் என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

அடுத்த தடவை 8.9. சி.டி. ஸ்கேனில் ஈரலில் ஒரே ஒரு புள்ளி, இரண்டரை சென்டிமீட்டர். வலியில்லை, பசி குறையவில்லை; எண் சொல்லாவிட்டால் அந்த ஸ்கேனை அப்போது எடுத்தே இருக்க மாட்டார்கள். ஸ்கேன் காட்டாவிட்டால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எங்கே வெட்டுவது? பாஸ்புக்கும் லெட்ஜரும் மாதிரி, இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் படிக்க முடியும். 2014 ஜனவரியில் ஈரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். மறுபடி 2-க்கு இறங்கியது.

அப்போது கட்டித் துண்டை கே-ராஸ் என்ற மரபணுச் சோதனைக்கும் அனுப்பினார்கள். செடக்சிமாப் என்ற விலையுயர்ந்த மருந்து, அந்த மரபணு மாறியிருந்தால் வேலை செய்யாது என்பது 2008-ல்தான் உறுதியானது. பெருங்குடல் புற்றில் பத்தில் நாலு பேருக்கு அது மாறியிருக்கும். அதாவது அதற்கு முன் பல பேர் நிலத்தை விற்றுப் பலனில்லாத மருந்தை வாங்கியிருப்பார்கள். மாமாவுக்கு அந்த மருந்தே தேவைப்படவில்லை, புண்ணியம்.

அதற்குப் பிறகு வந்தவை வேகம். 2022-ல் இரண்டு சேதி. நியூயார்க்கில் மலக்குடல் புற்றுள்ள 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் மருந்து மட்டும் கொடுத்தார்கள்; 12 பேருக்கும் எம்.ஆர்.ஐ.யிலும் ஸ்கோப்பிலும் கட்டி காணாமல் போயிருந்தது. கத்தியில்லை, ரேடியேஷனில்லை. ஆனால் அந்த 12 பேரும் ஒரு தனி வகை, மரபணுவின் எழுத்துப்பிழையைத் திருத்தும் புரதம் கெட்டவர்கள். மலக்குடல் புற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான் அப்படி. அந்த வருஷமே ஆஸ்திரேலியாவில் 455 பேரை வைத்து இன்னொன்று. ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தத்தில் புற்றின் மரபணுத் துணுக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் கீமோ. கீமோ வாங்கியவர்கள் 28 சதவீதத்திலிருந்து 15-ஆகக் குறைந்தார்கள். நோய் திரும்புவது கூடவில்லை. கோல்டும் ஃப்ரீட்மனும் கண்ட கனவின் பேரன் என்று இதைச் சொல்லலாம்.

அந்தத் திருத்தும் புரதக் கோளாறு குடும்பத்தில் ஓடக்கூடியது. அதன் கதை 1895-ல் மிச்சிகனில் ஒரு தையல்காரப் பெண்ணிடம் தொடங்குகிறது. எங்க வீட்டில் எல்லோரும் வயித்துலயோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று டாக்டர் வார்த்தினிடம் வருத்தப்பட்டாராம். அப்படியே ஆனது. வார்த்தின் அந்தக் குடும்ப மரத்தை வரைந்து 1913-ல் வெளியிட்டார். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் போனது. 47 வயசில் நோய் உறுதியான மாமா. அக்கா என் அம்மா. மகன் அங்கேயே எஸ்டேட்டில். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மாமாவின் கட்டித் துண்டை மெழுகில் புதைத்து வைத்திருந்தார்கள். கெஞ்சி, பணம் கட்டி, அதில் நாலு புரதத்தையும் பார்க்கச் சொன்னேன். நாலும் இருந்தன. அந்தப் பரம்பரை வகை இல்லை போலிருக்கிறது.

அதனால் முழு விடுதலையும் இல்லை. அப்பாவுக்கு 47-ல் வந்தால் பிள்ளைக்குப் பத்து வருஷம் முன்னாடியே, 37-ல், குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. மாமா மகனுக்கு இந்த வருஷம் 37. நானும் ஆறு மாசமாக போனில் நச்சரிக்கிறேன். "எனக்கு ரத்தமே வரலையே மச்சான்" என்றான். வர்றதுக்கு முன்னாடி பார்க்கத்தான்டா என்றேன். "லயத்துல தெரிஞ்சா சிரிப்பானுங்க" என்றான். ரத்த டெஸ்ட்டு ஏதாவது செஞ்சுக்கறேன், அப்பாவுக்கு எடுப்பாங்களே அந்த சி.இ.ஏ., அது போதாதா என்றும் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் மேலே இத்தனை பத்தியாக எழுதியிருக்கிறேன்.

கடைசியில் மாமாவே கூட்டிக்கொண்டு இறங்கினார். அதே பஸ், அதே மறையூர் ரோடு. முந்தின நாள் ராத்திரி குடல் கழுவக் குடிக்கிற தண்ணியைப் பற்றி அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. பெருங்குடலின் நடுவே பட்டாணி அளவில் ஒரு மொட்டு இருந்திருக்கிறது. வுல்ஃபும் ஷின்யாவும் செய்த அதே கம்பிச் சுருக்கு. பத்து நிமிஷ வேலை. எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ரிப்போர்ட் வியாழக்கிழமை. மாமா கோயமுத்தூரிலேயே அவனுக்குப் புதுசாக ஒரு காக்கி ஃபைல் வாங்கிவிட்டாராம்.